எல்லாப் பெட்டியையும் ஸ்கேன் செய்வதா, சந்தேகப்பட்டதை மட்டும் திறப்பதா?

எங்காவது ஒரு குண்டு வெடித்தால் போதும், அடுத்த நாளே ‘இதெல்லாம் எப்படி உள்ளே வந்தது, சுங்கத்துறை தூங்கிக்கொண்டிருந்ததா’ என்று ஆரம்பித்துவிடுவார்கள். கூடவே தீர்வும் வந்துவிடும்: வருகிற கன்டெய்னர் ஒன்றுவிடாமல் ஸ்கேன் செய்ய வேண்டும். அப்படிச் செய்தால் துறைமுகம் ஸ்தம்பித்துவிடும், கணினி காட்டுகிற பெட்டியை மட்டும் திறந்தால் போதும் என்று இன்னொரு கட்சி. நடுவில், நம்பகமான நிறுவனங்களுக்குத் தனி வழி, கப்பல் ஏறும் ஊரிலேயே சோதனை என்று இன்னும் சில யோசனைகள். சுங்கத் தேர்வுக்குப் படிப்பவர்கள், ஏற்றுமதி நிறுவனங்களில் இருப்பவர்கள், சும்மா செய்தி படித்துக் குழம்பியவர்கள் என்று பலரும் இதில் எதை ஆதரிப்பது என்று தெரியாமல் நிற்கிறார்கள்.

ஒரு நாட்டின் கையில் பணமும் ஆளும் அளவாகத்தான் இருக்கும் என்று வைத்துக்கொண்டு ஒவ்வொரு வழியையும் பார்ப்போம். நான் சரக்கு கிளியரன்ஸ் வேலையில் சில வருடம் அலைந்தவன், அதனால் என் சாய்வு எந்தப் பக்கம் என்பது போகப்போகத் தெரிந்துவிடும்.

## அதற்கு முன் ஒரு கார்

வரி வசூலிப்பவர்களுக்கும் பயங்கரவாதத்துக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பவர்களுக்காக இது.

1999 டிசம்பர் 14. கனடாவின் விக்டோரியாவிலிருந்து கார்களை ஏற்றிக்கொண்டு அமெரிக்காவின் போர்ட் ஏஞ்சலிஸுக்கு வந்த கப்பலில் இருந்து கடைசியாக ஒரு கார் இறங்கியது. ஓட்டி வந்தவன் அகமது ரெஸ்ஸாம். கையில் இருந்த கனடா பாஸ்போர்ட் பொய்ப் பெயரில் எடுத்தது. ஆனால் கப்பல் ஏறுவதற்கு முன்பே குடிவரவு அதிகாரிகள் அதைச் சரிபார்த்து அனுப்பிவிட்டார்கள். இறங்குமிடத்தில் நின்ற சுங்க ஆய்வாளர் டயானா டீன் எப்போதும் கேட்கும் கேள்விகளைத்தான் கேட்டார், எங்கே போகிறாய், எதற்காகப் போகிறாய், அவ்வளவுதான். ஆள் தடுமாறினான். குளிர்காலத்தில் வியர்த்தான். இருக்கைகளுக்கு நடுவில் இருந்த பெட்டியைத் துழாவிக்கொண்டே இருந்தான். அந்தக் கைகளுக்கு ஒரு வேலை கொடுக்கலாம் என்று ஒரு சுங்கப் படிவத்தை நீட்டி நிரப்பச் சொன்னார் அவர். பிறகு டிக்கியைத் திறந்தால், ஸ்டெப்னி டயர் வைக்கிற பள்ளத்தில் வெள்ளைத் தூள் மூட்டைகள், பழுப்புத் திரவம் நிறைந்த ஜாடிகள். போதைப்பொருள் என்றுதான் முதலில் நினைத்தார்கள். லாஸ் ஏஞ்சலிஸ் விமான நிலையத்தில் வெடிக்க வேண்டிய குண்டுக்கான சரக்கு அது என்பது அப்புறம்தான் தெரிந்தது.

ஸ்கேனர் இல்லை, முன்கூட்டியே உளவுத் தகவல் இல்லை, காகிதமும் கணினியும் ‘போகலாம்’ என்று சொன்ன ஆள். இதை ஒரு ஓரமாக வைத்துக்கொள்ளுங்கள், கீழே தேவைப்படும்.

## எதை வைத்து அளப்பது

முதல் அளவுகோல், எதைப் பிடிக்கப் போகிறோம் என்பது. பலர் மனதில் இருப்பது கடிகாரமும் வயரும் ஒட்டிய ஒரு குண்டு. அது எல்லையில் வருவது அபூர்வம். ஐ.எஸ். அமைப்பு ஈராக்கிலும் சிரியாவிலும் செய்த குண்டுகளின் பாகங்களை கான்ஃப்ளிக்ட் ஆர்மமென்ட் ரிசர்ச் என்ற அமைப்பு தேடிப்போய்ப் பார்த்து 2016இல் ஓர் அறிக்கை வெளியிட்டது. 20 நாடுகளைச் சேர்ந்த 51 நிறுவனங்களின் பொருட்கள் அவற்றில் இருந்தன. அலுமினியப் பசை, உரம், செல்போன், வயர். பெரும்பாலும் சட்டப்படி செய்து, சட்டப்படி விற்ற சரக்கு. உலக சுங்க அமைப்பின் ‘குளோபல் ஷீல்டு’ திட்டம் கண்காணிக்கும் 14 வேதிப்பொருட்களில் யூரியா இருக்கிறது, நகப்பூச்சை அழிக்கும் அசிட்டோன் இருக்கிறது, முடியை வெளுக்க வைக்கும் ஹைட்ரஜன் பெராக்சைடு இருக்கிறது. இவற்றைப் பார்த்த உடனே பிடித்துவிட முடியாது. யார் வாங்குகிறார், எவ்வளவு, எதற்கு என்பதில்தான் ஆபத்து ஒளிந்திருக்கிறது. பணம், போலி ஆவணம், அணு உலைக்குப் பயன்படக்கூடிய இயந்திரப் பாகம் இவையும் இதே கணக்கில் வரும்.

இரண்டாவது, எந்த இடத்தில் பிடிபடும். இறங்கிய துறைமுகத்தில் வைத்துக் கண்டுபிடிப்பது ஹெராயினுக்குச் சரி. வெடிக்கக்கூடிய பொருளுக்கு அது காலம் கடந்த கண்டுபிடிப்பு, ஏனென்றால் துறைமுகமே இலக்காக இருக்கலாம்.

மூன்றாவது, ஒரு கெட்ட பெட்டிக்காக எத்தனை நல்ல பெட்டிகள் காத்துக்கிடக்கும். நான்காவது, உள்ளே இருப்பவனே விலைபோனால் இந்த வழி தாங்குமா. கடைசியாக, வாங்கும் செலவு போகட்டும், தினமும் யார் உட்கார்ந்து பார்ப்பது. டெண்டர் விடும்போது இந்தக் கடைசிக் கேள்வியை யாரும் கேட்பதில்லை, மூன்று வருடம் கழித்து எல்லாரும் கேட்பார்கள்.

## வழி 1: ஒன்றுவிடாமல் ஸ்கேன்

கேட்க நன்றாக இருக்கிறது, மேடையில் பேசவும் நன்றாக இருக்கிறது. அமெரிக்கா 2007இல் இதைச் சட்டமாகவே போட்டது: 2012 ஜூலைக்குள் அந்த நாட்டுக்கு வரும் கடல்வழி கன்டெய்னர் அத்தனையும் வெளிநாட்டுத் துறைமுகத்திலேயே ஸ்கேன் ஆகியிருக்க வேண்டும். கெடு வந்தது, தள்ளி வைத்தார்கள், மறுபடி தள்ளி வைத்தார்கள், இன்றுவரை நடைமுறைக்கு வரவில்லை. அந்த நாட்டுக்கே பணமும் தொழில்நுட்பமும் போதவில்லையா என்றால், பிரச்சினை வேறு இடத்தில் இருக்கிறது.

முன்னோட்டமாக பாகிஸ்தானின் காசிம், ஹோண்டுராஸின் புவேர்த்தோ கோர்த்தேஸ், இங்கிலாந்தின் சவுத்தாம்ப்டன் போன்ற துறைமுகங்களில் முயன்று பார்த்தார்கள். லாரி ஒரே கேட் வழியாக வரும் சின்னத் துறைமுகத்தில் இது நடந்தது. ஆனால் ஒரு கப்பலில் இறங்கி, யார்டில் ஒரு நாள் கிடந்து, இன்னொரு கப்பலில் ஏறும் பெட்டி கேட் பக்கமே வராது. அதை ஸ்கேனருக்கு இழுத்துவந்து மறுபடி கொண்டுபோய் வைக்க வேண்டும். சிங்கப்பூர், ஹாங்காங் மாதிரியான பெரிய துறைமுகங்களில் சரக்கு மாற்றம்தான் பிழைப்பே.

இப்போது ஒரு கணக்கு, எண்கள் என் அனுமானம்தான். நாளைக்கு 5,000 பெட்டி வரும் துறைமுகம், ஒரு படத்தைப் பார்க்க 5 நிமிடம். மொத்தம் 25,000 நிமிடம், அதாவது 416 மணி நேரம், எட்டு மணி ஷிஃப்டில் 52 பேர். லீவு, கண் சோர்வு, மாற்று ஆள் எல்லாம் சேர்த்தால் எண்பதைத் தொடும். படம் பார்ப்பதற்கு மட்டும் இந்த ஆட்கள். நூற்றில் ஒரு பெட்டியில் சந்தேகம் வந்தால்கூடத் தினமும் 50 பெட்டியைத் திறந்தாக வேண்டும்.

திறப்பது என்றால் என்ன என்று பார்க்காதவர்களுக்குச் சொல்கிறேன். போல்ட் கட்டரால் சீலை வெட்டி, கதவைத் திறந்து, முதலில் தள்ளி நிற்க வேண்டும், உள்ளே பூச்சிக்கு அடித்த மருந்துப் புகை இருக்கலாம், ஆளையே மயக்கிவிடும். காற்றாட விட்ட பிறகு பார்த்தால் தரையிலிருந்து கூரைவரை அட்டைப்பெட்டிச் சுவர். ஒரு கை நுழைய இடமிருக்காது. நாற்பது அடிக்கும் அப்படியே இருக்கும். கூலியாட்களை வைத்து இறக்கி, பிரித்து, மறுபடி அடுக்குவதற்குள் அரை நாள் போய்விடும், இறக்கியது எல்லாம் திரும்ப உள்ளே அடங்கவும் அடங்காது. மழை பெய்தால் கதை வேறு. இதற்கான கூலியும் தாமதக் கட்டணமும் பெரும்பாலும் குற்றம் ஏதும் செய்யாத வியாபாரி தலையில்தான் விழும்.

சரி, அவ்வளவும் செய்தாலாவது பிடிபடுமா? ஒரே மாதிரிச் சரக்கு என்றால் படம் தெளிவாக இருக்கும். வீட்டுச் சாமான், கலந்து கட்டிய சரக்கு என்றால் ஒன்றன் மேல் ஒன்று விழுந்த நிழல்கள்தான் தெரியும். கதிரியக்கக் கருவியின் கதை இன்னும் வேடிக்கை. வாழைப்பழம், செராமிக் டைல்ஸ், கிரானைட், உரம், பூனைக்குப் போடும் மண் எல்லாவற்றுக்கும் அது கத்தும், ஏனென்றால் அவற்றில் இயற்கையாகவே கொஞ்சம் கதிரியக்கம் உண்டு. மறுபுறம் 2002லும் 2003லும் ஓர் அமெரிக்கத் தொலைக்காட்சி நிறுவனம் சோதனைக்காக சுமார் 7 கிலோ செறிவு நீக்கிய, அதாவது அணுகுண்டுக்கு ஆகாத, யுரேனியத்தைக் கன்டெய்னரில் வைத்து அனுப்பிப் பார்த்தது. இரண்டு தடவையும் அது உள்ளே போய்ச் சேர்ந்தது. தினமும் டைல்ஸுக்குக் கத்துகிற கருவியை மூன்றாவது மாதத்தில் யாரும் காதில் போட்டுக்கொள்ள மாட்டார்கள். இந்த வழியில் மறைந்திருக்கும் பெரிய செலவு அதுதான்.

இது பொருந்தும் இடங்களும் உண்டு. பெட்டிகள் குறைவாக வரும் துறைமுகம், ஒரே வாசல் உள்ள நில எல்லை, அப்புறம் முக்கியமாகக் காலிப் பெட்டிகள். காலிப் பெட்டியின் படத்தைப் பார்க்க ஐந்து வினாடி போதும், போலிச் சுவர் இருந்தால் அங்கேயே தெரிந்துவிடும். 2004 மார்ச்சில் இஸ்ரேலின் அஷ்தோத் துறைமுகத்தில் 10 பேரைக் கொன்ற இரண்டு தற்கொலைக் குண்டாளிகள் காசாவிலிருந்து கன்டெய்னருக்குள் போலிச் சுவருக்குப் பின்னால் ஒளிந்துதான் வந்தார்கள். இதற்கு ஸ்கேனர்கூட வேண்டாம், டேப் வைத்து உள்நீளத்தை அளந்தால் போதும். நாற்பதடிப் பெட்டிக்கு உள்ளே சுமார் 12 மீட்டர் இருக்க வேண்டும். பத்தரை வந்தால் மீதி எங்கே?

## வழி 2: தகவலை வைத்துப் பொறுக்கி எடுப்பது

பெட்டி வருவதற்கு முன்பே அதன் ஜாதகத்தை வாங்கிப் பார்த்து, சந்தேகமானதை மட்டும் திறப்பது. 2002 இறுதியில் அமெரிக்கா கொண்டுவந்த 24 மணி நேர விதி இதன் ஆரம்பம்: வெளிநாட்டில் கப்பலில் ஏற்றுவதற்கு ஒரு நாள் முன்பே சரக்குப் பட்டியல் வந்துவிட வேண்டும். 2009இல் இறக்குமதியாளர் 10 விவரமும் கப்பல் நிறுவனம் 2 விவரமும் தர வேண்டும் என்றார்கள். அந்தப் பத்தில் எனக்குப் பிடித்தது, பெட்டியில் சரக்கு எந்த இடத்தில் ஏற்றப்பட்டது என்ற கேள்வி. விற்றவர் ஒருவர், ஏற்றிய இடம் சம்பந்தமில்லாத ஏதோ ஒரு கொட்டகை என்றால் அங்கே பேச விஷயம் இருக்கிறது.

சுங்கத்துறைக்கு மட்டுமே உள்ள பலம் இந்த இடத்தில்தான் தெரியும். போலீஸுக்கு ஆளைத் தெரியும், ராணுவத்துக்கு ஆயுதம் தெரியும். ஒரு பொருள் என்ன விலை, எவ்வளவு எடை, எந்த ஊரிலிருந்து எந்த ஊருக்குப் போகும், எந்த வழியில் போனால் கட்டுப்படியாகும் என்பது சுங்கத்துக்குத்தான் தெரியும்.

2010 அக்டோபர் கடைசியில் ஏமனின் சனாவிலிருந்து சிகாகோ முகவரிகளுக்கு இரண்டு பிரிண்டர் பார்சல்கள் விமானத்தில் கிளம்பின. டோனர் கார்ட்ரிட்ஜுக்குள் பி.இ.டி.என். வெடிமருந்து, ஒன்றில் சுமார் 300 கிராம், இன்னொன்றில் 400. துபாயில் ஒன்று, இங்கிலாந்தின் ஈஸ்ட் மிட்லண்ட்ஸ் விமான நிலையத்தில் ஒன்று பிடிபட்டன. இங்கிலாந்தில் முதல் தடவை சோதித்தபோது ஒன்றும் கிடைக்கவில்லை, மோப்ப நாயும் கோட்டை விட்டது. சவூதி உளவுத்துறை பார்சல் எண்ணையே கொடுத்திருந்ததால்தான் மறுபடி தோண்டினார்கள். அந்தத் தகவல் இல்லை என்றே வையுங்கள். சரக்கு வேலை பார்த்த எவனும் கேட்கும் கேள்வி ஒன்று இருக்கிறது: ஏமனிலிருந்து ஒரு சாதாரண பிரிண்டரை விமானத்தில் சிகாகோவுக்கு யார் அனுப்புவார்? அனுப்பும் கூலிக்கு அங்கேயே புதிதாக வாங்கிவிடலாமே! எந்த எக்ஸ்ரேயும் அந்தக் கேள்வியைக் கேட்காது. இந்தச் சம்பவத்துக்குப் பிறகுதான் விமானத்தில் ஏற்றுவதற்கு முன்பே பார்சல் விவரத்தை வாங்கும் முறையை அமெரிக்கா சோதிக்க ஆரம்பித்தது, 2018இல் கட்டாயமாக்கியது.

குறைகள் இல்லாமல் இல்லை. எல்லாமே காகிதத்தில் எழுதியதை நம்பித்தான். கப்பல் ரசீதில் ‘செட் டு கன்டெய்ன்’ என்று ஒரு வரி இருக்கும், உள்ளே இருப்பதாகச் சொல்லப்படுவது என்று அர்த்தம். அதாவது ஏற்றிச் செல்பவருக்கே உள்ளே என்ன என்று தெரியாது, அதை எழுத்திலேயே ஒத்துக்கொள்கிறார். அதில் ‘பாகங்கள்’, ‘வீட்டு உபயோகப் பொருட்கள்’ என்று எழுதி அனுப்பினால் உலகத்தின் சிறந்த கணினியும் என்ன செய்யும்? நல்ல பெயர் உள்ள வேறொரு நிறுவனத்தின் இறக்குமதி எண்ணைத் திருடிப் போட்டாலும் கணினி தரும் ஆபத்து மதிப்பெண் பச்சையாகத்தான் வரும். கணினி நேற்றைய கடத்தலைப் பார்த்துக் கற்றுக்கொண்டது, நாளைய ஆள் வேறு வழியில் வருவான்.

அதைவிடப் பெரிய ஓட்டை, தகவல் வந்தும் யாரும் பார்க்காமல் இருப்பது. குளோபல் ஷீல்டு திட்டத்தின் கீழ், வெளிநாட்டிலிருந்து வேதிப்பொருள் வாங்கியவர்களின் பட்டியல் ஒன்றை 2010 இறுதியில் நார்வே சுங்கத்துறை தன் நாட்டுப் பாதுகாப்பு உளவுத்துறைக்கு அனுப்பியது. வாங்கியது சில்லறைக் காசுக்குத்தான். அந்தப் பட்டியலில் ஆந்தர்ஸ் பிரெய்விக்கின் பெயர் இருந்தது. உரிய நேரத்தில் அதை யாரும் பின்தொடரவில்லை. 2011 ஜூலை 22 அன்று அவன் 77 பேரைக் கொன்றான்.

ஆகவே இந்த வழிக்கு மென்பொருள் செலவு கொஞ்சம்தான். அலுக்காமல் பார்க்கும் ஆளும், சொன்னால் காது கொடுக்கும் இன்னொரு துறையும்தான் பெரிய செலவு. ஆனாலும் ஆயிரக்கணக்கில் சரக்கு வரும் எந்த நாட்டுக்கும் இதைத் தவிர்த்து வேறு அடித்தளம் இல்லை.

## வழி 3: நம்பகமானவர்களுக்குத் தனி வரிசை

2001 நவம்பரில் அமெரிக்கா ஏழு பெரிய இறக்குமதி நிறுவனங்களோடு சி-டிபேட் என்ற திட்டத்தை ஆரம்பித்தது. இப்போது 11,000க்கும் மேற்பட்ட நிறுவனங்கள் உறுப்பினர்கள். 2005இல் உலக சுங்க அமைப்பு தன் ‘சேஃப்’ விதிக்கட்டமைப்பில் இதையே அங்கீகரிக்கப்பட்ட பொருளாதாரச் செயல்பாட்டாளர், சுருக்கமாக ஏ.இ.ஓ., என்று உலகத்துக்கே பொதுவாக்கியது. உன் கிடங்கு, லாரி, வேலையாட்கள், சீல் எல்லாவற்றையும் நீயே பாதுகாத்துக்கொள், நாங்கள் வந்து பார்க்கிறோம், அப்புறம் உன் சரக்கைக் குறைவாக நிறுத்துகிறோம். ஒப்பந்தம் இதுதான்.

இது எதையும் நேரடியாகப் பிடிக்காது, வைக்கோல் போரைச் சின்னதாக்கும். ஊசி தேடுபவனுக்கு அது பெரிய உதவி. ஆனால் தனி வரிசை ஒன்று இருக்கிறது என்று தெரிந்தால் கடத்தல்காரன் அதைத்தான் முதலில் தேடுவான். ஐரோப்பியத் துறைமுகங்களில் கொகைன் கும்பல்கள் செய்வது அதைத்தான்: யோக்கியமான ஒரு நிறுவனத்தின் பெட்டியை வழியில் திறந்து, கதவோரமாகச் சில பைகளைப் போட்டு, அதே எண் போட்ட போலிச் சீலை மாட்டிவிடுவார்கள். சீலையே தொடாமல் கதவுக் கைப்பிடியின் ரிவெட்டைக் கழற்றி, வேலை முடிந்ததும் புதிதாக அடித்து, மேலே பெயின்ட் பூசிவிடுவதும் உண்டு. பட்டியலில் உள்ள சீல் எண்ணும் கதவில் உள்ள எண்ணும் கச்சிதமாகப் பொருந்தும். எங்கள் யார்டில் இருந்த ஒரு பெரியவர் சீலைப் பார்ப்பதற்கு முன் கைப்பிடி ரிவெட்டை நகத்தால் சுரண்டிப் பார்ப்பார், துருப்பிடித்த கதவில் ஒரு ரிவெட் மட்டும் பளபளவென்று இருந்தால் பெட்டியை ஓரங்கட்டச் சொல்லிவிடுவார்.

சின்ன நிறுவனங்களுக்கு இது சுமைதான். வேலி, கேமரா, பதிவேடு, தணிக்கை எல்லாவற்றுக்கும் செலவு செய்துவிட்டு வருடத்துக்கு ஆறு பெட்டி அனுப்புகிறவருக்கு என்ன மிச்சம்? மாதாமாதம் ஒரே வாங்குபவருக்கு அனுப்பும் ஏற்றுமதியாளர் என்றால் யோசிக்காமல் சேரலாம், வாங்குகிற நாட்டோடு பரஸ்பர அங்கீகாரம் இருக்கிறதா என்று மட்டும் முதலில் பார்த்துக்கொள்ளுங்கள். இல்லாவிட்டால் இங்கே கிடைத்த பச்சைக்கொடி அங்கே செல்லாது.

## வழி 4: கிளம்பும் ஊரிலேயே சோதனை

இரண்டாவது அளவுகோலில், அதாவது எங்கே பிடிபடும் என்பதில், இதுதான் முதலிடம். 2002இல் அமெரிக்கா தன் சுங்க அதிகாரிகளை வெளிநாட்டுத் துறைமுகங்களில் உட்கார வைக்க ஆரம்பித்தது, இப்போது சுமார் 60 துறைமுகங்களில் இருக்கிறார்கள். சந்தேகமான பெட்டியை அவர்கள் காட்டுவார்கள், திறப்பது அந்த நாட்டு அதிகாரி. அவர் மாட்டேன் என்றால் கப்பலில் ஏற்றாதே என்று சொல்லலாம், அதற்கு மேல் அதிகாரம் கிடையாது. விருந்தாளி விருந்தாளிதானே.

இதைச் செய்ய ஒரு நாட்டுக்குச் சந்தை பலம் வேண்டும். ‘எங்களுக்கு அனுப்ப வேண்டுமானால் எங்கள் ஆளை உள்ளே விடு’ என்று அமெரிக்கா சொன்னால் கேட்பார்கள், சின்ன நாடு சொன்னால் சிரிப்பார்கள். அப்படிப்பட்ட நாட்டுக்கு அதிகாரியை அனுப்புவதைவிட அந்தத் துறைமுகத்து அதிகாரிகளோடு தகவல் பரிமாற்ற ஒப்பந்தம் போடுவது மலிவு. ஐ.நா. போதைப்பொருள் குற்றத்தடுப்பு அலுவலகமும் உலக சுங்க அமைப்பும் சேர்ந்து 2004இல் ஆரம்பித்த கன்டெய்னர் கட்டுப்பாட்டுத் திட்டம் அப்படிப்பட்டதுதான்: துறைமுகத்திலேயே சுங்கம், போலீஸ் எல்லாரையும் ஒரே அறையில் உட்கார வைத்துப் பயிற்சி கொடுக்கிறார்கள்.

## வழி 5: ஆள், காது, மூக்கு

கடைசியாக, ஸ்கேனர் விளம்பரத்தில் வராத வழி. நன்றாகப் பயிற்சி பெற்ற அதிகாரி, நாய், உளவுத் தகவல்.

இதுவரை சொன்னதையே திரும்பிப் பாருங்கள். போர்ட் ஏஞ்சலிஸில் பிடித்தது ஒரு அதிகாரியின் கண். ஏமன் பார்சலைப் பிடித்தது ஒரு தகவல். 2003 அக்டோபரில் லிபியாவின் அணுத்திட்டத்துக்காக, யுரேனியத்தைச் செறிவூட்டும் மையவிலக்கு இயந்திரங்களின் பாகங்களை ஏற்றிக்கொண்டு போன பிபிசி சைனா என்ற கப்பலை இத்தாலியின் தரந்தோ துறைமுகத்துக்குத் திருப்பி ஐந்து கன்டெய்னர்களை இறக்கினார்கள், அதுவும் உளவுத் தகவல்தான். அந்த அலுமினியப் பாகங்களை ஸ்கேனரில் பார்த்திருந்தால் ஏதோ மெஷின் சாமான் என்று விட்டிருப்பார்கள். 2017இல் சிட்னியில் விமானத்தைத் தகர்க்கப் போட்ட திட்டத்தில் குண்டுக்கான பாகங்கள் துருக்கியிலிருந்து சாதாரண விமான பார்சலாகவே ஆஸ்திரேலியாவுக்கு வந்து சேர்ந்துவிட்டன. அதை வெளிக்கொண்டுவந்ததும் வெளிநாட்டு உளவுத் தகவல்தான்.

ஆனால் டயானா டீன் மாதிரி ஒருவரை டெண்டரில் வாங்க முடியாது. பத்து வருடம் ஒரே இடத்தில் நின்று ஆயிரக்கணக்கான முகங்களைப் பார்த்தவருக்கு வரும் உள்ளுணர்வு அது. மூன்று வருடத்துக்கு ஒரு மாறுதல் என்று வைத்தால் அது வளராது. மாற்றாமலே வைத்தால் உள்ளூர்க் கும்பலோடு பழக்கம் வந்துவிடும். இரண்டும் உண்மை. நாயும் அப்படித்தான், அரை மணி நேரம் வேலை பார்த்தால் ஓய்வு வேண்டும், அதோடு பழகிய ஆளையும் சேர்த்துத்தான் சம்பளக் கணக்கு.

லஞ்சம் நுழைவதும் இங்கேதான். 1993 மார்ச் 12 அன்று மும்பையில் 257 பேரைக் கொன்ற குண்டுகளுக்கான ஆர்.டி.எக்ஸ். ராய்கட் கடற்கரையில் இறங்கியது. கடத்தலுக்குக் கண்ணை மூடிக்கொள்ளக் காசு வாங்கிய சுங்க அதிகாரிகளும் அந்த வழக்கில் தண்டிக்கப்பட்டார்கள். தங்கம், வெள்ளிக்கு விட்ட அதே வழியில்தான் வெடிமருந்தும் வரும். வருமானக் கண்ணோடு மட்டும் பார்த்து ‘சின்னக் கடத்தல்தானே’ என்று விடுகிற எல்லைக்கு இதைவிடத் தெளிவான எச்சரிக்கை எனக்குத் தெரிந்து வேறு இல்லை.

## ஒரே பார்வையில்

| வழி | எதில் பலம் | எங்கே சறுக்கும் | கண்ணில் படாத செலவு |
|---|---|---|---|
| முழு ஸ்கேன் | காலிப் பெட்டி, ஒரே வகைச் சரக்கு, நில எல்லை வாசல் | கலந்த சரக்கு, கப்பல் மாறும் சரக்கு | படம் பார்க்கும் ஆட்கள், பொய் அலாரம், வியாபாரியின் தாமதம் |
| தகவல் வழித் தேர்வு | பெரிய எண்ணிக்கை, விசித்திரமான விலையும் பாதையும் | பொய்யான விவரம், திருடிய பெயர் | அலுக்காத கண், கேட்கும் துறை |
| ஏ.இ.ஓ. | வைக்கோல் போரைக் குறைப்பது | வழியில் திறக்கப்படும் பெட்டி | மறு தணிக்கை, சின்ன நிறுவனங்களின் சுமை |
| கிளம்பும் ஊரில் சோதனை | ஆபத்து தூரத்திலேயே நிற்கும் | அடுத்த நாட்டின் விருப்பம் | ராஜதந்திரம் |
| ஆள், நாய், உளவு | எதிர்பாராதது | லஞ்சம், மாறுதல் | பல வருடப் பொறுமை |

## சரி, எதை எடுப்பது

உங்கள் எல்லை எப்படி என்பதைப் பொறுத்தது. நாளைக்கு நூறு லாரி வரும் ஒற்றை வாசல் நிலச் சாவடி என்றால் ஸ்கேனர் போடுங்கள், எல்லா லாரியையும் ஓட்டுங்கள், அங்கே முழு ஸ்கேன் நியாயம். சரக்கு மாற்றும் பெரிய துறைமுகம் என்றால் அந்தப் பேச்சையே எடுக்காதீர்கள், தகவல் வழித் தேர்வும், பெரிய நிறுவனங்களை ஏ.இ.ஓ.வுக்குள் இழுப்பதும்தான் நடக்கும். தபால், கூரியர் என்றால் ஏற்றுவதற்கு முன்பே விவரம் வாங்குவதைத் தவிர வேறு எதுவும் உதவாது, இறங்கிய பிறகு பார்ப்பது சடங்கு. கடற்கரை நீளமாகவும் காவல் மெலிதாகவும் இருக்கிற நாடு துறைமுகத்தில் எத்தனை ஸ்கேனர் வைத்தாலும் மீன்பிடிப் படகில் வருபவனுக்குக் கவலையில்லை. 2008இல் மும்பையைத் தாக்கக் கடல் வழியாக வந்தவர்கள் எந்தச் சுங்கச் சாவடியையும் கடக்கவில்லை. அங்கே பணம் மீனவர் குப்பங்களோடு பழகுவதற்கும் கடலோரக் காவலுக்கும் போக வேண்டும்.

ஒரே ஒரு பட்ஜெட்டைப் பிரிக்கச் சொன்னால் என் வரிசை இது: முதல் பங்கு முன்கூட்டிய தகவலுக்கும் அதைப் படிக்கும் ஆட்களுக்கும். அடுத்தது களத்தில் நிற்பவர்களின் பயிற்சிக்கும், அவர்கள் மீதான கண்காணிப்புக்கும். ஸ்கேனர் மூன்றாவது, அதுவும் முதல் இரண்டும் காட்டும் பெட்டியைப் பார்க்க. ‘இந்தச் சரக்கு இந்த வழியில் ஏன் வருகிறது’ என்று கேட்கத் தெரிந்தவர் கையில் ஒரு பழைய ஸ்கேனர் போதும். கேட்கத் தெரியாதவரிடம் பத்துப் புதியது கொடுத்தாலும் வாழைப்பழம்தான் அகப்படும்.

இன்னொரு செலவு, பட்டியலில் எப்போதும் விட்டுப்போவது: பிடித்ததை எங்கே வைப்பது? லெபனானின் பெய்ரூட் துறைமுகக் கிடங்கில், உரத்துக்கும் வெடிமருந்துக்கும் பயன்படும் அம்மோனியம் நைட்ரேட் 2,750 டன் பல வருடம் கிடந்தது. பயங்கரவாதிகள் கொண்டுவந்தது இல்லை, கப்பலில் வந்து சிக்கிய சரக்கு. இதை எடுத்துப் போங்கள் என்று சுங்க அதிகாரிகள் நீதிமன்றத்துக்குக் கடிதத்துக்கு மேல் கடிதம் எழுதினார்கள். 2020 ஆகஸ்ட் 4 அன்று அது வெடித்து 200க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். ஆகவே ஸ்கேனருக்கு விலைப்புள்ளி கேட்கும் அதே கோப்பில், ஊருக்கு வெளியே ஒரு பாதுகாப்பான கிடங்கு, அழிப்பதற்கு ஒரு நிபுணர், இத்தனை நாளுக்குள் முடிவு சொல்ல வேண்டும் என்று நீதிமன்றத்தோடு ஓர் ஏற்பாடு, இந்த மூன்றையும் சேர்த்து எழுதுங்கள்.